வந்துகொண்டிருக்கிறான் என்று சொன்னவர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மாம்பலத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு எங்கள் சாந்தோம் கோயில் உபதேசியார் உள்ளே வந்தார். வேட்டியின் ஓரம் சங்கிலியில் மாட்டிக் கிழிந்து தொங்கியது. அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்கிற வயது அவருக்கு இல்லை. அதனால் அவர் வாயைத் திறக்குமுன்பே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

“தம்பி, கொஞ்சம் வெளியே வாங்க,” என்றார். வேப்பமரத்தடிக்கு வந்ததும், “நைனா போயிட்டார். எட்டரை மணி இருக்கும். கஷ்டப்படலே,” என்றார்.

என் தகப்பனார் காலைப் பூசை கண்டு, நற்கருணை நன்மை வாங்கி, வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்திருக்கிறார். டிஸ்பென்சரிக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா குடையைக் கொண்டுவந்து நீட்டியபோது வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை. அவ்வளவுதான். பங்குசாமியார் ஓடிவந்து, சாகும் வேளையில் கொடுக்கும் அவஸ்தைபூசுதல் கொடுத்துவிட்டாராம். அறுபத்திரண்டு வயது.

கம்பவுண்டர் சவரிமுத்து என்றால் மயிலாப்பூரில் தெரியாதவர்கள் குறைவு. லஸ் பக்கத்தில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் முப்பத்தைந்து வருஷம் மருந்து கலந்தார். மாடவீதி வக்கீல் வீட்டிலிருந்து குப்பத்து மீன்காரர் வரை எல்லாருடைய நாக்குக்கும் அவருடைய மிக்ஸ்சரின் கசப்புத் தெரியும். அவரைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. தெரியாதவர்களுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, வளர்ந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு மனம் சங்கடப்படுகிற தகப்பன் தாய்மாருக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறேன். நான் அவருடைய மூத்த பிள்ளை. பெயர் ஞானப்பிரகாசம். எனக்கு இரண்டு வயது இளையவள் லூர்து. நாங்கள் இருவர்தான். அவரை நாங்கள் நைனா என்றே கூப்பிட்டோம்.

அவரை ஓர் அர்ச்சியசிஷ்டவராக, புனிதராக, ஆக்கிவிடும் எண்ணம் எனக்கு இல்லை. மூக்குப்பொடி போடுவார். விட்டுவிடுகிறேன் என்று ஒவ்வொரு தபசுக் காலத்திலும் சொல்லி, ஈஸ்டர் பாஸ்கு மணி அடிக்கும் முன்னமே டப்பாவைத் தேடுவார். பிரசங்கம் நீண்டால் கண் மூடிக்கொள்வார். தியானம் என்பார். அம்மா அப்படிச் சொல்லமாட்டார்கள்.

எங்கள் வீடு கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில். மாலையில் கோயிலில் திரிகால மணி அடித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நைனா வந்துவிடுவார். வரும்போதே கார்பாலிக் வாடை கூட வரும். கை கால் கழுவி, பனியனோடு பாயில் உட்காருவார். திருஇருதயப் படத்துக்கு முன்னால் விளக்கை அம்மா ஏற்றுவார்கள். ஜெபமாலை தொடங்கும். முதல் பாதியை அவர் சொல்வார், மறுபாதியை நாங்கள் மூவரும் சொல்வோம். இதெல்லாம் எல்லா வேதக்கார வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் கூடுதலாக ஒன்று உண்டு. ஜெபமாலை முடிந்ததும் நைனா அன்று டிஸ்பென்சரிக்கு வந்த நோயாளிகளில் நாலைந்து பேரைச் சொல்வார். “கச்சேரி ரோட்டுத் தையல்கார பாய் சம்சாரத்துக்கு இளைப்பு. மாடவீதி அய்யர் வீட்டுக் குழந்தைக்குப் பத்து நாளா பேதி. ரிக்‌ஷாக்கார முனுசாமிக்குக் காலில் புண்.” ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பரலோக மந்திரம். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்கிற பேச்சே இல்லை. ஒருதரம் லூர்து, “அவங்கெல்லாம் நம்ம வேதம் இல்லியே நைனா,” என்று கேட்டபோது, “சுரத்துக்கு அது தெரியலியேம்மா,” என்றார்.

நாங்கள் சின்னவர்களாக இருந்தவரையில் இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. முழங்கால் வலிக்கும், கொசு கடிக்கும், அவ்வளவுதான். கஷ்டம் வந்தது எனக்கு இருபது வயதானபோது.

அடுத்த சந்தில் இன்னாசி என்று எனக்கு ஒரு சிநேகிதன். ஒன்றாகவே பள்ளிக்கூடம் போனோம், ஒன்றாகவே காலேஜில் சேர்ந்தோம். இண்டர் இரண்டாம் வருஷத்தில் அவனுக்கு விஷஜுரம் கண்டது. நைனாவின் டாக்டர்தான் பார்த்தார். நைனா தினமும் காலையும் மாலையும் தாமே மருந்து கொண்டுபோய்க் கொடுத்தார். எங்கள் வீட்டு ஜெபத்தில் முதல் பெயர் அவனுடையதாயிற்று. பதினெட்டு நாள். பத்தொன்பதாம் நாள் விடியும்போது அவன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து வந்த அன்று மாலை மணி அடித்தது, விளக்கு ஏற்றினார்கள், பாய் விரித்தார்கள். நான் உட்காரவில்லை. கதவோரம் நின்றபடி, “பதினெட்டு நாள் கேட்டோமே, காதில் விழலியா?” என்றேன். அம்மா சிலுவை வரைந்துகொண்டார்கள். நைனா என்னை ஏறிட்டுப் பார்த்தார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

“எனக்கும் தெரியலே பிரகாசம்,” என்றார். “மருந்து என் கையாலேதான் கலந்து கொடுத்தேன். அதுவும் கேக்கலே. நாளைக்கும் போய்க் கலக்கத்தான் போறேன்.”

சர்வேசுரனுடைய சித்தம் என்று அவர் சொல்லியிருந்தால் அன்றே வீட்டைவிட்டுப் போயிருப்பேன். அவ்வளவு கொதிப்பு எனக்குள் இருந்தது. தெரியவில்லை என்று அவர் சொன்னதுதான் என்னை வீட்டில் நிறுத்தி வைத்தது. இது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போகவில்லை. அந்த நாளில் கடற்கரைக் கூட்டங்களில் வேதம், சாமி, சடங்கு எல்லாவற்றையும் போட்டு உடைத்துப் பேசுவார்கள். முன்பு சும்மா கேட்டுவிட்டு வருவேன். இப்போது தேடிப் போய்க் கேட்டேன். மூன்று மூவணாத் துண்டுப் பிரசுரங்கள் தலையணைக்கடியில் இருந்தன. அம்மா பாயைச் சுருட்டும்போது பார்த்துவிட்டார்கள்.

அம்மாவின் பெயர் ஆரோக்கியம். நைனாவைவிடக் கண்டிப்பு. அவர்கள் மூவரும் பூசைக்குப் போய்வந்த அந்த ஞாயிறு மத்தியானம் மூன்று இலைதான் போட்டார்கள். நான் கூடத்தில் நின்றேன். நைனா இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தம் இலையை என் பக்கம் நகர்த்திவிட்டு, அம்மாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

“சோத்தையும் பூசையையும் ஒண்ணா முடிச்சுப் போடாதே, ஆரோக்கியம். பசி எடுத்து அவன் கோயிலுக்கு வந்தா, வந்தது வயிறுதான். அவன் இல்லே.”

அம்மா நாலாவது இலை போட்டார்கள். அழுதுகொண்டேதான் பரிமாறினார்கள்.

மறுநாள் நைனா என்னைக் கூடவே லஸ் வரைக்கும் நடந்து வரச் சொன்னார். டிராம் தண்டவாளத்தை ஒட்டி நடந்தோம். “பூசைக்கு வர்றதும் வராததும் உன் மனசு. அதிலே நான் கை வைக்கமாட்டேன். சாயங்காலம் அரைமணி மட்டும் எங்களோட வந்து உட்காரு. வாயைத் திறக்க வேணாம்,” என்றார்.

“சும்மா உட்காந்து என்ன பண்றது?”

“பேரைக் கேட்டுக்கோ. யார் யாருக்கு உடம்பு சரியில்லேன்னாவது தெரிஞ்சுக்குவே.”

அதில் மறுக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று முதல் சுவரில் சாய்ந்து, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படியே போயிற்று. அந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது நைனா என் பக்கம் திரும்பி, இப்போதாவது சொல்லேன் என்கிற மாதிரி பார்த்ததில்லை. பங்குசாமியார் ஒருமுறை வீட்டுக்கு வந்து என்னோடு பேச விரும்பியபோதும், “கொஞ்சம் பொறுங்க சாமி. கேள்வியெல்லாம் பச்சையா இருக்கு,” என்று நைனா தடுத்துவிட்டார். சாமியார் பெரிய மனசுக்காரர். சிரித்துவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? எங்கள் சந்துக்கு மீன் கொண்டுவரும் அந்தோணியம்மாள் ஒருநாள் கூடையை இறக்கும்போதே ஆரம்பித்தாள். நான் உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தேன்.

“இன்னா கம்பவுண்டரே, உன் புள்ள கோயிலுக்கே வர்றதில்லியாமே? குப்பம் பூரா அதே பேச்சா கீது.”

அம்மா வஞ்சிரத்தைப் புரட்டிப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்கள். நைனா அவள் பாஷையிலேயே பதில் சொன்னார்.

“வந்துக்கினு கீறான்மா.”

“இத்தினி நாளாவா?”

“வழி கொஞ்சம் தூரம். நீ மீனை வெட்டு.”

அவள் சிரித்துவிட்டாள். அம்மாகூடச் சிரித்துவிட்டார்கள். உள்ளே கண்ணாடிக்கு முன்னால் சோப்பு நுரையோடு நான் நின்றேன். கோபப்படவேண்டும் என்று நினைத்தேன். கோபம் வரவில்லை.

இந்த அளவுக்குப் பொறுமைசாலியான மனிதர் ஓரிடத்தில் இடறினார். என்னிடத்தில் அல்ல, லூர்துவிடத்தில்.

லூர்து வாத்தியார் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். சைதாப்பேட்டையில் ஒரு குமாஸ்தாப் பையனைப் பார்த்து வைத்திருந்தார்கள். நல்ல குடும்பம். நைனாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பெண் டிராம் தூரத்திலேயே இருப்பாள் என்பதை மட்டும் நாலு தரம் சொல்லியிருப்பார். கலியாண ஓலை எழுதுவதற்கு முந்தின வாரம், ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது லூர்து எழுந்திருக்கவில்லை. “நைனா, நான் மடத்தில் சேரணும். இரண்டு வருஷமா யோசிச்சிட்டேன்,” என்றாள்.

திருச்சிக்கு அப்பால் உள்ள ஒரு கன்னியர் மடம். பள்ளிக்கூடமும் அநாதைப் பிள்ளைகள் விடுதியும் நடத்துகிறவர்கள். சேர்ந்துவிட்டால் வீட்டுக்கு வர விடமாட்டார்கள். நல்லது கெட்டதுக்கும் கிடையாது. நாம்தான் போய்ப் பார்க்கவேண்டும், அதுவும் அவர்கள் சொல்கிற நாளில்.

நைனா, “வேண்டாம்,” என்றார். காரணம் கேட்டதற்கும் வேண்டாம் என்பதுதான் பதில். மறுநாள் மாலை வந்தார், கைகால் கழுவினார், தலைவலி என்று சொல்லி வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். என் ஞாபகத்தில் அவர் இல்லாமல் எங்கள் வீட்டு ஜெபம் நடந்தது அதுதான் முதல்தடவை. லூர்துதான் முதல் பாதியைச் சொன்னாள். அம்மா மறுபாதி. நான் சுவரோரம் சும்மா. இப்படி நான்கு நாள். டிஸ்பென்சரியில் யார் யார் நோயாளிகள் என்றும் அந்த நான்கு நாள் எங்களுக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்த லூர்து என்னைக் கூப்பிட்டாள். “அண்ணா, நீ போய் நைனாகிட்ட பேசு.”

“நானா? மடத்தைப் பத்தியா?”

“நீதான். நான் பேசினா சின்னப்பொண்ணு பக்தியிலே பேசறாள்ங்கிறார். அம்மா பேசினா அழுகைதான் வருது. உன்கிட்ட ரெண்டும் இல்லே.”

“எனக்கே நீ போறது பிடிக்கலே லூர்து.”

“தெரியும். பிடிக்காதவன் சொன்னாத்தான் கேப்பார்.”

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாலை நைனா கடற்கரைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கட்டுமரங்களைக் கரைக்கு மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒன்றின் மேல் உட்கார்ந்து பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“சர்வேசுரனைப் பத்திப் பேச நீ வந்திருக்கியா?” என்றார். கேலியாகச் சொல்லத்தான் நினைத்தார் போலும். குரல் கேலியாக வரவில்லை.

“இல்லே நைனா, லூர்தைப் பத்தி,” என்றேன். “எனக்குப் பிடிக்காததை நான் செய்யலே. நீங்க கட்டாயப்படுத்தாம விட்டீங்க. ஊர் பேசினப்பவும் எனக்காகப் பதில் சொன்னீங்க. அவளுக்குப் பிடிச்சதை அவ கேக்கறா. எனக்குக் கொடுத்ததை அவளுக்கு ஏன் கொடுக்கமாட்டேங்கறீங்க?”

எங்களுக்கு முன்னால் ஒருவன் வலையை உதறிப் பாசியைக் களைந்துகொண்டிருந்தான். அவன் முடித்து, சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டு போனான். அப்போதுதான் நைனா சொன்னார்.

“நீ விலகிப் போனே. திரும்பி வருவேங்கிற நம்பிக்கையிலே நான் இருந்துட்டேன். அவ போனா திரும்பி வரமாட்டா.”

அவரே மேலே பேசினார். “சின்ன வயசிலேர்ந்து நான்தான் கத்துக்கொடுத்தேன். சிலுவை போடக் கத்துக்கொடுத்தேன். எல்லாத்தையும் அவருக்குக் கொடுக்கணும்னு கத்துக்கொடுத்தேன். அவ அதை நெசம்னு எடுத்துக்கிட்டா. எனக்கு அது நெசமான்னு இந்த நாலு நாளா நான் என்னையே கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

“என்ன பதில் கிடைச்சுது?”

“வெட்கமா இருக்கு, பிரகாசம்,” என்றார். “உங்க ரெண்டு பேருக்காகவும் தெனமும் வேண்டிக்கிட்டேன். இப்ப யோசிச்சா, நான் நெனைச்ச மாதிரி நடக்கணும்னுதான் வேண்டிக்கிட்டிருக்கேன். வேற ஒண்ணும் கேக்கலே.”

இருட்டும் முன் எழுந்தோம். வீட்டில் லூர்து விளக்கை ஏற்றிவிட்டு, தொடங்கலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தாள். நைனா நேரே வந்து பாயில் தம் இடத்தில் உட்கார்ந்தார். சிலுவை போடுமுன் அவளைப் பார்த்து, “நாலு நாளா உனக்கு நான் தகப்பனா இருக்கலே. மன்னிச்சுக்கோ அம்மா. பாஸ்கு வரைக்கும் இரு. நான் பழகிக்கணும். அப்புறம் நானே கொண்டுபோய் விடறேன்,” என்றார். பெற்ற பெண்ணிடம் மன்னிப்புக் கேட்ட தகப்பனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. லூர்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அழுதார்கள். அன்று ஜெபமாலையில் எத்தனை மணி விட்டுப்போயிற்று என்று யாரும் எண்ணவில்லை.

பாஸ்கு முடிந்து இரண்டாம் வாரம் எழும்பூரில் ரயிலேற்றப் போனோம். நைனா கூடவே போவதாக ஏற்பாடு. வண்டி புறப்படக் கால் மணி இருந்தது. அம்மா ஆயிரம் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள்: பெரியவர்களுக்குக் கீழ்ப்படி, எதிர்த்துப் பேசாதே, ஜெபத்தில் தூங்காதே. எல்லாம் ஓய்ந்தபிறகு நைனா தம் பங்குக்கு ஒன்று சொன்னார்.

“அங்கே உனக்கு ஒத்துக்கலேன்னா திரும்பி வந்துடு. ஊர் சிரிக்குமேன்னு உள்ளேயே கிடந்து வாடாதே. சர்வேசுரன் கோவிச்சுக்கமாட்டார். நானும்தான்.”

அம்மாவுக்கு அபசகுனம் சொன்னதுபோல் ஆகிவிட்டது. லூர்து பின்னாளில் எனக்கு எழுதினாள்: மடத்தில் பயிற்சி பெறும் நவசந்நியாச காலத்தில் வீட்டு நினைவு வந்து தாங்கமுடியாத நாட்களில் நைனாவின் அந்த வார்த்தைதான் அவளை அங்கே இருக்க வைத்ததாம். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்ததால் ஓடத் தோன்றவில்லையாம். இன்று அவள் அந்த விடுதியில் அறுபது பிள்ளைகளுக்குத் தாய். நைனா வருஷம் ஒருமுறை போய்ப் பார்த்துவருவார். போகும்போது பிள்ளைகளுக்கெல்லாம் என்று ஒரு பெரிய சீசா நிறைய பெப்பர்மிண்ட் வாங்கிப்போவார். லூர்துக்கென்று தனியாக ஒன்றும் வாங்கமாட்டார். அந்தச் சீசாவிலிருந்து அவளும் ஒன்று எடுத்துக்கொள்வாளாம்.

அவள் போன பிறகு வீடு மிகவும் அமைதியாகிவிட்டது. மாலை ஜெபத்தில் முதல் பாதிக்கு ஒரு குரல், மறுபாதிக்கு ஒரு குரல். நான் பழையபடி சுவரோரம். மழைக்காலத்தில் ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு உள்ளறையில் படுத்திருந்தார்கள். நைனா வந்தார். விளக்கைத் தாமே ஏற்றினார். பாயில் உட்கார்ந்து முதல் மணியைப் பிடித்து முதல் பாதியைச் சொன்னார். நிறுத்தினார்.

பதிலுக்கு ஆள் இல்லை. ஓட்டின்மேல் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. தாமே மறுபாதியையும் சொல்லிக்கொள்ளலாம், பலபேர் அப்படிச் செய்வதுண்டு. அவர் சொல்லவில்லை, காத்திருந்தார். எனக்காகக் காத்திருந்தாரா, பழக்கத்தினால் நிறுத்தினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளறையிலிருந்து அம்மா எழுந்து வர முயல்வதும் இருமுவதும் கேட்டது. “நீங்க படுங்கம்மா,” என்றேன். பிறகு என் வாயிலிருந்து மறுபாதி வந்தது. இரண்டரை வருஷத்துக்கு அப்புறமும் ஒரு வார்த்தை மறக்கவில்லை.

நைனா திரும்பிப் பார்க்கவில்லை. குரலில்கூட மாற்றம் இல்லை. அடுத்த மணியைப் பிடித்தார். ஐம்பத்து மூன்று மணியும் அப்படியே முடிந்தது. அதன்பின் நோயாளிகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். முதல் பெயர் ஆரோக்கியம். இரண்டாவது பெயருக்கு முன் கொஞ்சம் இடைவெளி விட்டு என்னிடம், “உனக்கு யாராவது உண்டா?” என்றார்.

“இன்னாசி,” என்றேன்.

“ஆமாம். அவன் ஆத்துமத்துக்கு,” என்றார். இருவரும் சேர்ந்து சொன்னோம்.

இன்னாசி ஏன் போனான் என்கிற கேள்விக்கு எனக்கு அன்றும் விடை கிடைக்கவில்லை, இன்றும் இல்லை. கேள்வியை வைத்துக்கொண்டே வேண்டிக்கொள்ளலாம் என்பது மட்டும் அன்று தெரிந்தது. கொஞ்சங் கொஞ்சமாகப் பூசைக்கும் போனேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போக இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. யாரும் என்னைத் தோளில் தட்டவில்லை, மிட்டாய் வழங்கவில்லை. எனக்குக் கலியாணமாகி முதல் பிள்ளை பிறந்தபின் ஒருநாள், அன்று ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று கேட்டேன். “பார்த்திருந்தா நீ நிறுத்தியிருப்பே,” என்றார். பிறகு டப்பாவைத் தட்டியபடி, “பார்க்காம இருக்கறதுக்குள்ளே எனக்கு உயிர் போய் உயிர் வந்தது,” என்றார்.

இப்போது எனக்கு மூன்று பிள்ளைகள். மாம்பலத்தில் வாடகை வீடு, சுற்றிலும் இன்னும் வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கிற தெரு. மூத்தவன் ஜெபத்தில் உட்காராமல் ஓடுகிறான் என்று போன திருநாளுக்கு நைனா வந்திருந்தபோது அவரிடம் குறை சொன்னேன். “எவ்வளவு நேரம் நடத்தறே?” என்றார். முக்கால் மணி என்றேன். “நீட்டாதேடா. சோத்து வாசனை வந்தப்புறம் எந்தப் பிள்ளைக்கும் மோட்சம் புரியாது,” என்றார். என் மனைவி சமையலறையிலிருந்து, “அப்படிச் சொல்லுங்க மாமா,” என்றாள். அன்றிலிருந்து இருபது நிமிஷம்தான்.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தபோதுதான் அவர் எங்களுக்கு மாத்திரம் சொந்தமில்லை என்று விளங்கியது. நைனாவின் டாக்டர் ஐயர் டிஸ்பென்சரியை அடைத்துவிட்டு, செருப்பில்லாமல் கல்லறை வரைக்கும் நடந்து வந்தார். தையல்கார பாய் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து மண் போட்டார். குப்பத்துப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அம்மா அதிகம் அழவில்லை. “மோட்சத்துக்கு முன்னாலே உத்தரிக்கிற ஸ்தலத்திலே உன் நைனா ரொம்ப நாள் இருக்கமாட்டார்,” என்று மாத்திரம் என்னிடம் சொன்னார்கள். “பிரசங்கத்திலே தூங்கினதுக்குக் கொஞ்ச நாள். அவ்வளவுதான்.”

லூர்தால் வரமுடியவில்லை. மூன்றாம் நாள் அவள் கடிதம் வந்தது. தந்தி வந்தபோது வகுப்பில் இருந்ததாகவும், மதர் அவர்கள் வகுப்பைத் தாமே எடுத்துக்கொண்டு அவளைச் சிற்றாலயத்துக்கு அனுப்பியதாகவும், அறுபது பிள்ளைகளும் பெப்பர்மிண்ட் தாத்தாவுக்காக ஜெபமாலை சொன்னதாகவும் எழுதியிருந்தாள். கடைசி வரி எனக்கு: ‘அண்ணா, அம்மாவைக் காலைப் பூசைக்குத் தனியாக விடாதே.’

லீவு போட்டு அந்த வாரம் முழுவதும் சாந்தோமில் தங்கினேன். நாலாம் நாள் விடியற்காலை அம்மாவுடன் நடந்தேன். கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. நைனா எப்போதும் வேகமாக முன்னால் போய் முனையில் நின்று காத்திருப்பாராம். “நீ கூடவே வர்றே. பேச்சுத் துணையா இருக்கு,” என்றார்கள் அம்மா. பேச்சு ஒன்றும் பேசவில்லை.

கோயிலுக்குள் அம்மா பெண்கள் பக்கம் போய்விட்டார்கள். நான் ஆண்கள் பக்கம் வந்தேன். கூட்டம் நிறைந்திருந்தது. மூன்றாம் தூணுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் அளவுக்குத் தரை காலியாகக் கிடந்தது. அதைச் சுற்றி மீன்காரர்களும் குமாஸ்தாக்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் அந்த இடத்தில் நிற்கவில்லை. ஒருவர் என்னைக் கண்டதும் அதைக் கைகாட்டினார். அதில் நிற்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கொஞ்சம் ஒதுங்கி எனக்கு வழி விட்டார். அந்த இடத்துக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டேன்.

நைனா, நல்லபடியாகப் போய்ச் சேருங்கள். நீங்கள் எங்களுக்காகக் காத்திருந்த அளவுக்குப் பொறுமை எங்களுக்கு இல்லை. ஆனாலும் உங்களைப் பார்க்கும் நாள்வரை காத்திருப்போம்.